இலவச வைத்தியமும் வழிச்செலவும்

போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதன் பின்னர், செய்தி சேகரிப்பதற்காகப் புதுக்குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். அங்கே மார்பகப் புற்றுநோயுற்ற ஒரு முதிய தாயைச் சந்தித்தேன். கட்டியை அவர் முதலில் உணர்ந்து பல வருடங்கள் கடந்திருந்தன. ஏன் முன்னரே மகரகமவுக்குப் போகவில்லை என்று வினவினேன்.

"மருந்துக்கு ஆரும் காசு கேக்கேல்லைத் தம்பி. மருந்தடிக்குப் போறதுக்குத்தான் காசு. அதுக்கு முதல் பாசும் வேணுமே" என்றார்.

என் பத்திரிகை வாழ்வில் எத்தனையோ அமைச்சர்களின் சுகாதார உரைகளைச் செய்தியாக்கியிருக்கிறேன். இந்த மூன்று வாக்கியங்களே இன்றும் நினைவில் நிற்கின்றன.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் தொண்ணூறுகளில் வன்னி மக்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். பொருளாதாரத் தடையால் மருந்துகள் மட்டுப்படுத்தப்பட்டிருந்தன. வெளியேறப் புலிகளின் அனுமதி வேண்டும். வவுனியாவுக்குள் நுழைய அரச தரப்பின் பாஸ் வேண்டும். புற்றுநோய் எந்தத் தரப்பின் கையொப்பத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

2006 ஓகஸ்டில் அந்த வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 பெப்ரவரி முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு இலக்காகியது. நோயாளர் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டனர். அங்கிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. காயக்காரருக்கே கட்டில் இல்லாத அந்நாட்களில் புற்றுநோயாளரை யார் கணக்கெடுத்தார்?

போருக்குப் பின் நல்லதும் நடந்தது. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2013இல் திறக்கப்பட்டது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேலிருந்த தூரம் ஏறத்தாழ நூறாகக் குறைந்தது.

எனினும் நூறும் தூரமே. கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் நீடிப்பது. கீமோதெரபிக்கோ சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செல்லவேண்டும். நோயாளியுடன் துணைக்குச் செல்பவரின் நாட்கூலியும் போகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டதையும் மக்கள் மறக்கவில்லை.

இவற்றுக்கு ஈடுசெய்வது யார்? அரசாங்க ஊழியருக்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. தனியார் காப்புறுதி மாதாந்தம் தவணை கட்டக்கூடியவருக்கு உரியது. கரைவலை இழுப்பவருக்கும் வயலில் கூலிக்கு நிற்பவருக்கும் எஞ்சுவது 1978இல் சட்டமாகிய ஜனாதிபதி நிதியம். அதன் விண்ணப்பங்களைப் பிரதேச செயலகங்களிலேயே கையளிக்கும் வசதி 2025இல்தான் வந்தது. அதுவும் விண்ணப்பித்துப் பெறும் உதவியே அன்றி உரிமையன்று.

முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த அதே 2009இன் யூலையில், பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. குறைகள் பல இருந்தாலும், தவணையை அரசே செலுத்தியது என்பதைக் கவனிக்கவேண்டும். சிகிச்சையே இலவசமான எங்கள் நாட்டில் அதன் மறுபாதியே தேவை: வழிச்செலவு, தங்குமிடம், வெளியே செய்யும் பரிசோதனை, வெளியே வாங்கும் மருந்து, இழந்த கூலி ஆகியவற்றை ஈடுசெய்யும் ஒரு காப்புறுதி. அதன் தவணையை அரசே ஏற்கவேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் கட்டடங்களுக்கு அனுப்பும் நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ஆனால் கடமை அரசினுடையதே.

அந்தத் தாயின் முகவரியை அன்று நான் குறித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை மட்டும் குறித்துவைத்தேன். பாஸ் ஒழிந்துவிட்டது, வழிச்செலவு இன்னும் ஒழியவில்லை.