சாலமன் மன்னரின் சுரங்கங்கள் (புதினம்)

சாலமன் மன்னரின் சுரங்கங்கள் (கிங் சாலமன்ஸ் மைன்ஸ்) என்பது ஆங்கில எழுத்தாளர் ஹென்றி ரைடர் ஹாகார்ட் (1856-1925) எழுதிய சாகசப் புதினம் ஆகும். 1885 ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் காசல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. காணாமற்போன தம்பியைத் தேடி அண்ணன் மேற்கொள்ளும் பயணத்தையும், பழங்கால மன்னர் ஒருவரின் புதையல் பற்றிய தொன்மத்தையும் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் பின்னணியில் இப்புதினம் இணைக்கிறது. மறைந்துபோன உலகங்களைக் கண்டறியும் கதைகள் என்ற இலக்கிய வகைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

எழுதப்பட்ட பின்னணி

ஹாகார்ட் தமது 19 ஆவது வயதில், 1875 இல், நேட்டால் ஆளுநரின் பணியாளர் குழுவில் சேர்ந்து தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கு சூலு மக்களின் வழக்கங்களையும் படை அமைப்பையும் அறிந்துகொண்டார். இங்கிலாந்து திரும்பிய பின், 1883 இல் நூலாக வெளிவந்த "புதையல் தீவு" புதினத்தில் பாதியளவு சிறப்பாகவேனும் ஒரு கதையைத் தம்மால் எழுத முடியும் எனச் சகோதரர் ஒருவரிடம் ஐந்து சில்லிங் பந்தயம் கட்டினார். அதன் விளைவாகச் சில வாரங்களில் எழுதப்பட்டதே இந்நூல். பதிப்பாளர் ஒரே தொகையாக 100 பவுண்டு தர முன்வந்தபோதும், அலுவலக எழுத்தர் ஒருவரின் யோசனைப்படி ஹாகார்ட் விற்பனையில் பங்குரிமையைத் தெரிவு செய்தார். முதல் ஆண்டில் ஏறத்தாழ 31,000 படிகள் விற்பனையாயின.

கதைச் சுருக்கம்

டர்பன் நகரில் வாழும் யானை வேட்டைக்காரரான அலன் குவாட்டர்மெயின் கதையைக் கூறுகிறார். சர் ஹென்றி கர்டிஸ், கப்டன் ஜான் குட் ஆகிய இருவர் அவரது உதவியை நாடுகின்றனர். தந்தை உயில் எழுதாமல் இறந்ததால் சொத்து முழுவதும் மூத்தவரான ஹென்றிக்குச் சேர்ந்தது. சகோதரர்களிடையே மனத்தாங்கல் இருந்ததால் அவர் தம்பி ஜார்ஜுக்கு எதுவும் வழங்கவில்லை. ஜார்ஜ் பெயரை மாற்றிக்கொண்டு, சாலமனின் வைரச் சுரங்கங்களைத் தேடிச் சென்று காணாமற்போனார். தம்பியைத் தேடுவது ஹென்றிக்கு ஒரு கழுவாயாகவே அமைகிறது.

1590 இல் போர்த்துக்கேயர் ஒருவர் தம் குருதியால் துணியில் வரைந்த நிலப்படம் குவாட்டர்மெயினிடம் உள்ளது. உம்போபா என்ற ஆப்பிரிக்கரும் அவர்களுடன் இணைகிறார். பாலைவனத்தில் நீரின்றித் தவித்து, பனி மூடிய மலைகளைக் கடந்து, குகுவானா நாட்டை அடைகின்றனர். அங்கு உம்போபா தாமே உரிமையுள்ள அரசர் இக்னோசி என்று வெளிப்படுத்துகிறார். அவரது தந்தையைக் கொன்று ஆட்சியைப் பிடித்த மன்னன் துவாலா, அத்தந்தையின் இரட்டைப் பிறவி ஆவான். இவ்வாறு இரு குடும்பங்களின் உடன்பிறப்புப் பகை கதையில் இணையாகச் செல்கிறது. போரில் துவாலா வீழ்கிறான்.

பின்னர் ககூல் என்ற முதிய சூனியக்காரி அவர்களைப் புதையல் அறைக்கு அழைத்துச் சென்று, கற்கதவை மூடிச் சிறைவைக்க முயல்கிறாள். அவளைத் தடுத்த ஃபவுலாட்டா என்ற குகுவானா பெண் குத்திக் கொல்லப்படுகிறாள். ககூலும் கதவின் அடியில் நசுங்கி இறக்கிறாள். நிலத்தடி வழியாக மூவரும் சில வைரங்களுடன் தப்புகின்றனர். திரும்பும் வழியில், பாலைவனச் சோலை ஒன்றில், கால் நசுங்கி நகர இயலாமல் வாழ்ந்துவந்த ஜார்ஜைக் காண்கின்றனர்.

முதற்பதிப்பில் நிறைநிலவை அடுத்துச் சூரிய கிரகணம் நிகழ்வதாக எழுதப்பட்டிருந்தது. சூரிய கிரகணம் புதுநிலவு நாளில் மட்டுமே நிகழக்கூடியது என்பதால், பிந்தைய பதிப்புகளில் அது சந்திர கிரகணமாக மாற்றப்பட்டது.

வரலாறும் தொன்மமும்

சாலமனுக்குப் பொன் வந்த ஓபீர் என்ற இடம் விவிலியத்தில் குறிப்பிடப்படுகிறது. அதன் இருப்பிடம் உறுதிப்படுத்தப்படவில்லை. அரேபியா, ஆப்பிரிக்கா, இந்தியா எனப் பல கருத்துகள் உள்ளன. சாலமனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல், தமிழின் "தோகை" என்பதிலிருந்து பிறந்தது என இராபர்ட் கால்டுவெல் கருதினார்.

1871 இல் பெரிய சிம்பாப்வே இடிபாடுகளைக் கண்ட செருமானியர் கார்ல் மௌச், அவற்றைச் சேபா நாட்டு அரசியுடன் தொடர்புபடுத்தினார். ஆப்பிரிக்கர் இத்தகைய கட்டடங்களை எழுப்பியிருக்க முடியாது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. புதினத்தில் வரும் பழைய பெருஞ்சாலையும் மாபெரும் சிலைகளும் அதே எண்ணத்தைப் பிரதிபலிக்கின்றன. 1905 இல் டேவிட் ராண்டல்-மெக்கைவரும், 1929 இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் மேற்கொண்ட அகழாய்வுகள் அவற்றைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கரே என நிறுவின. சோனா மக்களின் முன்னோர் 11 முதல் 15 ஆம் நூற்றாண்டு வரை சாந்து இன்றிக் கருங்கற்களை அடுக்கி அவற்றை எழுப்பினர். ஆயினும் ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சியில் பழைய கருத்தே ஊக்குவிக்கப்பட்டது. 1980 இல் விடுதலை பெற்ற நாடு, அவ்விடிபாடுகளின் பெயரையே தன் பெயராக ஏற்றது.

திறனாய்வு

குடியேற்றவாத மனப்பாங்கு நூல் முழுவதும் காணப்படுகிறது. கப்டன் குட், ஃபவுலாட்டா இடையிலான அன்பு அவளது இறப்பால் முடிக்கப்படுவது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. எனினும் இக்னோசி கண்ணியமும் அறிவும் மிக்க அரசராகப் படைக்கப்பட்டுள்ளார். துப்பாக்கியும் மதுவும் கொண்டுவரும் வெள்ளையரை இனித் தம் நாட்டில் அனுமதிக்கப்போவதில்லை என அவர் இறுதியில் அறிவிப்பது குறிப்பிடத்தக்கது.

தொடர்ச்சியும் திரைப்படங்களும்

இதன் தொடர்ச்சியாக "அலன் குவாட்டர்மெயின்" 1887 இல் வெளியானது. 1937, 1950, 1985 ஆகிய ஆண்டுகளில் இக்கதை திரைப்படமாக்கப்பட்டது. 1937 படத்தில் பால் ராப்சன் உம்போபாவாக நடித்தார். 1950 படம் ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் தம்பியைத் தேடும் அண்ணனுக்குப் பதிலாகக் கணவனைத் தேடும் மனைவி முதன்மைப் பாத்திரமாக்கப்பட்டார்.