பழனி மலைத்தொடரும் ஒலித்தர உணர்வும்: கூம்பு ஒலிபெருக்கி முதல் கோடைப் பண்பலை வரை

ஆய்வுச்சுருக்கம்

இசைப் பதிவுகளின் ஒலித்தரத்தை நுணுகிக் கேட்டு, ஒப்பிட்டு, கருத்துரைக்கும் வழக்கம் விலையுயர்ந்த கருவிகளை உடைய நகர்ப்புறத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. பழனி மலைத்தொடரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் களமாகக் கொண்டு நோக்கும்போது இவ்வெண்ணம் முழுமையற்றது எனப் புலனாகிறது. மலையடிவாரத்துக் கூம்பு ஒலிபெருக்கி, சிற்றலை மற்றும் மத்திய அலை வானொலி, கேசட் பதிவு நிலையம், கொடைக்கானலிலிருந்து ஒலிபரப்பாகும் பண்பலை வானொலி என ஊடகங்கள் மாறியதற்கேற்ப ‘நல்ல ஒலி’ என்பதன் வரையறையும் மாறியுள்ளது. இம்மாற்றத்தினூடே உருவான கேட்பாளர் கருத்துகள், ஒரு பதிவின் பல வடிவங்களுள் நம்பத்தக்கதைத் தெரிவதற்கு உதவும் சான்றுகளாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலித்தரம், இசைத்தட்டு, கேசட், இருதட ஒலி, கோடைப் பண்பலை, பாடவேறுபாடு.

முன்னுரை

தமிழிசைப் பதிவுகளின் வரலாறு பாடியவர், இசையமைத்தவர், வெளியிட்ட நிறுவனம் ஆகிய மூன்றனைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. கேட்டவர் அவ்வரலாற்றில் எண்ணிக்கையாக இடம்பெறுகிறாரே தவிர, தீர்ப்புக் கூறுபவராக இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரே பாடலின் இசைத்தட்டையும் கேசட்டையும் குறுந்தகட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, எதில் குரல் முன்னிற்கிறது, எதில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தேய்ந்துள்ளது, எதில் வயலின்களின் மேல்நாதம் மங்கியுள்ளது என உரையாடும் ரசிகர் கூட்டம் தமிழகத்துச் சிற்றூர்களிலும் உண்டு. அவர்தம் அளவுகோல் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினாவுக்கு விடை காண, ஊடகத்தின் இயல்பையும் நிலத்தின் அமைப்பையும் சேர்த்தே ஆராய வேண்டும். அடிவாரத்தில் திருவிழா ஒலியையும் உச்சியில் ஒலிபரப்பு நிலையத்தையும் கொண்ட பழனி மலைத்தொடர் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகிறது.

அடிவாரம்: கூம்பு ஒலிபெருக்கியும் சொல்தெளிவும்

தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்காலங்களில் பழனியை நோக்கிப் பாதயாத்திரையாக வரும் அடியார்களுக்கு முருகன் பாடல்களை வழியெங்கும் வழங்கியவை ‘மைக்செட்’ எனப்படும் வாடகை ஒலியமைப்புகளாகும். டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், கே.பி. சுந்தராம்பாள், சூலமங்கலம் சகோதரிகள் முதலியோரின் பாடல்கள் பெருந்திரளைச் சென்றடைந்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

கூம்பு ஒலிபெருக்கி நெடுந்தொலைவுக்குக் குரலைச் செலுத்த வல்லது. ஆனால் அதன் வடிவமைப்பு மனிதக் குரல் இயங்கும் நடு அதிர்வெண்களையே வலிமையாகக் கடத்துகிறது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் விரைவாகத் தேய்ந்துவிடுகின்றன. மிருதங்கத்தின் இடந்தலை நாதம், தபலாவின் கீழ்நாதம், தம்புராவின் ஆதார ஒலி ஆகியவை ஒரு பர்லாங்குத் தொலைவில் நிற்பவரை எட்டுவதில்லை. எட்டுவது பாடகரின் குரலும் சொல்லுமே. எனவே இச்சூழலில் ‘நன்றாகப் பதிந்த பாட்டு’ என்பது சொல் பிசிறின்றிக் கேட்கும் பாட்டு என்றே பொருள்பட்டது. எட்டுக்கட்டைக் குரல் போற்றப்பட்டதற்கு நாடக மரபு முதற்காரணம் எனினும், கூம்பு ஒலிபெருக்கியும் அம்மதிப்பீட்டை நிலைநிறுத்தியது எனக் கருத இடமுண்டு. மைக்செட்டை இயக்கியவர்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்து, ஊசியின் தேய்மானத்தையும் தட்டின் கீறலையும் கண்டறிந்து தட்டு தெரிய வேண்டியிருந்தது. ஒலித்தரம் அவர்தம் தொழிலறிவின் ஒரு கூறாயிற்று.

அலைவழிக் கேட்பு: இரைச்சலின் காலம்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மத்திய அலை ஒலிபரப்பில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியே ஒதுக்கப்படுவதால், கேட்பாளரைச் சேரும் இசையின் உயர் எல்லை 4.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது. தாளத்தின் கிணுகிணுப்பும் வயலின் வில்லின் உரசலும் இவ்வெல்லைக்கு மேற்பட்டவை.

1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானதைத் தொடர்ந்து அகில இந்திய வானொலியில் திரையிசைக்குரிய இடம் சுருங்கியது. தமிழகத்துக் கேட்பாளர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித்பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை ஒலிபரப்பின் செல்வாக்கு நெடுங்காலம் நீடித்தது. கடல் கடந்து வந்த அவ்வொலி ஏறியும் இறங்கியும், சில வேளைகளில் அடியோடு மறைந்தும் வந்தது. சிற்றலை ஒலிபரப்பு அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளை நம்பியது. அம்மண்டலம் பகலும் இரவும் மாறுந்தன்மையது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1950களில் அயனமண்டல அளவீடுகள் மேற்கொள்ளப்பட்டன. காந்த நடுக்கோட்டை அண்மித்த அமைவிடம் அவ்வாய்வுக்குத் தனிச்சிறப்பைத் தந்தது. அடிவாரத்து வானொலிப் பெட்டிகளில் பாட்டை ஏற்றி இறக்கிய இயற்கையே மலையுச்சியில் அறிவியலாரின் அளவீட்டுக்குரிய பொருளாயிற்று என்பது கருதத்தக்கது.

இக்காலத்துக் கேட்பாளரின் அளவுகோல் ‘இரைச்சல் இன்மை’ என்பதாகும். வான்கம்பியின் நீளம், அதனைக் கட்டும் திசை, பெட்டியை வைக்கும் இடம் ஆகியன பற்றிய நடைமுறை அறிவு வீடுதோறும் பரவியது. ஒலியின் தரம் பாடலைப் பதிந்தவரை மட்டுமன்றி, அதனை ஏந்திவரும் வழியையும் சார்ந்தது என்னும் உணர்வு இவ்வாறு வேரூன்றியது.

கேசட் பதிவு நிலையம்: ஒப்பீட்டின் பள்ளி

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், தமிழகத்துச் சிற்றூர்களில் 1970களின் பிற்பகுதி முதல் பரவலாயிற்று. இதனோடு தோன்றியதே பாடல் பதிவு நிலையம். வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை வெற்று நாடாவில் பதிந்து தருவார். இது உரிமம் பெறாத படியெடுப்பே எனினும், கேட்டல் வரலாற்றில் இதன் பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று.

பதிவு நிலையத்தில் வாடிக்கையாளர் செய்ய வேண்டியிருந்த தெரிவுகள் பல. 60 நிமிட நாடாவா, 90 நிமிட நாடாவா என்பது முதலாவது. 90 நிமிட நாடா மெல்லியது, எளிதில் சிக்கக்கூடியது. டி.டி.கே., சோனி, மேக்செல் ஆகியவற்றுள் எது என்பது அடுத்தது. சாதாரண நாடாவா, விலை மிகுந்த குரோம் வகையா என்பது மூன்றாவது. தட்டிலிருந்து நேராகப் பதிவதா, முன்னர்ப் பதிந்த நாடாவிலிருந்து மறுபடி எடுப்பதா என்பதே அனைத்திலும் முக்கியமானது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. பதிவுக்கூடங்களில் வழங்கிய நாடா நொடிக்கு 38 செ.மீ. வரை ஓடக்கூடியது. வேகம் குறையுந்தோறும் பின்னணிச் சீறல் மிகுகிறது, உயர்நாதம் குன்றுகிறது. ஒவ்வொரு படியெடுப்பிலும் இக்குறை பெருகுவதை ஓரிரு கேசட்டுகளை ஒப்பிட்ட எவரும் காதாலேயே அறிந்தனர். ‘நேர்ப்பதிவு’, ‘மறுபதிவு’ என்னும் பாகுபாடு இவ்வாறு வழக்கில் நிலைபெற்றது.

இதே காலத்தில் திரையிசையின் ஒலியமைப்பும் மாறியது. இருதட முறையில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்களாகப் பரவலாகக் குறிக்கப்படுபவை ‘பிரியா’ (1978) படத்தின் பாடல்களாகும். தொடர்ந்து இளையராஜாவின் பாடல்கள் பல எக்கோ நிறுவனத்தின் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1986இல் வெளியான ‘ஹவ் டு நேம் இட்’ கருவியிசைத் தொகுப்பு, திரைக்கதையின் துணையின்றி இசையமைப்பையே கவனிக்கும் கேட்பைக் கோரியது. இடப்புறம் ஒரு கருவியும் வலப்புறம் மற்றொரு கருவியும் உரையாடுமாறு அமைந்த இசையைக் கேட்க இரண்டு ஒலிபெருக்கிகள் வேண்டும். வீட்டில் அத்தகைய கருவி இல்லாதவர்க்கும் பதிவு நிலையங்களும் தனியார் பேருந்துகளும் அவ்வாய்ப்பை அளித்தன. தொடர்ந்து, ‘ரோஜா’ (1992) பாடல்கள் ஆழ்ந்த கீழ்நாதத்தையும் கூர்மையான மேல்நாதத்தையும் பொதுக்கேட்பின் பகுதியாக்கின. ‘பேஸ்’, ‘டிரெபிள்’ என்னும் சொற்கள் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றன.

உச்சி: கோடைப் பண்பலையும் நிலவமைப்பும்

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் நாள் சென்னையில் தொடங்கியது. ஆயினும் தென் மாவட்டங்களிலும் மேற்கு மாவட்டங்களிலும் அது பொதுக்கேட்பாக மாறியதில் கொடைக்கானல் நிலையத்தின் பங்கு பெரிது. 1990களின் இறுதியில் மக்களிடையே பரவிய கோடைப் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் ஆற்றலுடன் ஒலிபரப்பாகிறது.

பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. அயனமண்டலத்தை நம்பி அது தொலைவை எட்டுவதில்லை. எனவே கோபுரத்தின் உயரமே அதன் எல்லையை வகுக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து நோக்கினால் வானொலி அலையின் தொடுவானம் கோட்பாட்டளவில் 190 கி.மீ. தொலைவில் அமைகிறது. திண்டுக்கல், மதுரை, கரூர், திருச்சிராப்பள்ளி ஆகியன அவ்வட்டத்துள் அடங்குகின்றன. சமவெளியில் பல கோபுரங்கள் செய்ய வேண்டிய பணியை ஒரு மலை செய்தது.

பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி கடத்தப்படுகிறது. மத்திய அலையோடு ஒப்பிட இது மும்மடங்குக்கு மேற்பட்ட விரிவு. சிறிய விலையில் கிடைத்த பண்பலைப் பெட்டியும் காதணிக் கருவியும் கொண்டு, வயல்வரப்பிலும் தறிக்கூடத்திலும் இருந்தவர் அவ்விரிவைக் கேட்க முடிந்தது.

இருதட ஒலிபரப்பின் தொழில்நுட்பம் கேட்பாளருக்கு ஒரு புதிய சிக்கலையும் தந்தது. இருதடக் கூறுகளின் கூட்டுத்தொகை ஓர் அலையாகவும், அவற்றின் வேறுபாடு மற்றோர் உள்ளலையாகவும் செல்கின்றன. அலை வலுவிழக்கும் இடத்தில் வேறுபாட்டலையே முதலில் இரைச்சலுக்கு இரையாகிறது. ஆகவே தொலைவிலுள்ளோர் ஒற்றைத்தடத்துக்கு மாற்றினால் இரைச்சல் தணியும், இடவிரிவு மறையும். இவ்விரண்டனுள் எதனை விடுவது என்பது ஒவ்வொரு கேட்பாளரின் சுவைத்தீர்ப்பாயிற்று. மலைக்கு மிக அருகில் இருந்தும் பள்ளத்தாக்கின் நிழலில் அமைந்த ஊர்களில் ஒலி சிதைவதும், தொலைவிலுள்ள திறந்த சமவெளியில் தெளிவாக ஒலிப்பதும் இதே இயற்பியலின் விளைவுகளே. பாறைச் சரிவுகளில் பட்டுத் தெறிக்கும் அலை, நேராக வரும் அலையோடு கலந்து ஒலியைச் சிதைக்கிறது.

கேட்பாளர் கருத்தும் பாடவேறுபாடும்

மேற்கண்ட வரலாற்றின் பயன் இன்றைய சூழலில் தெளிவாகிறது. ஒரு திரைப்பாடல் இன்று பல வடிவங்களில் கிடைக்கிறது: நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டு, நெடுந்தட்டு, கேசட், குறுந்தகடு, திரைப்படச் சுருளின் ஒலித்தடம், மறுசீரமைத்த மின்வடிவம். இவை ஒன்றுக்கொன்று நேர்ப்படிகள் அல்ல. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிட அளவே கொள்வதால், திரையில் உள்ள சரணம் தட்டில் விடுபட்டிருக்கலாம். நாடாக்கருவியின் வேகப்பிழையால் பாடலின் சுருதியே உயர்ந்தோ தாழ்ந்தோ அமையலாம். ஒற்றைத்தடப் பதிவை மின்னணு முறையில் இருதடமாக்கிய பதிப்புகளில் குரலின் இயல்பான இருப்பு குலைந்திருக்கும். அண்மைக்கால மறுசீரமைப்புகள் பலவற்றில் மென்மையான பகுதியும் உரத்த பகுதியும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொணரப்படுகின்றன. சீறலை நீக்கும் மென்பொருள், சீறலோடு சேர்த்து மேல்நாதத்தையும் களைந்துவிடுவது உண்டு.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட சிக்கலோடு இது ஒப்புநோக்கத்தக்கது. பல ஏடுகள், அவற்றினிடையே வேறுபாடுகள், சிதைவுகள், படியெடுத்தோர் பிழைகள். அவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் நெறியின்றி நூற்பொருள் பற்றிய ஆய்வு உறுதிப்படாது. ஒலிப்பதிவுக்கும் அந்நெறி பொருந்தும். ஒரு பாடகரின் சுருதி, ஒரு மிருதங்கக் கலைஞரின் தொப்பி நாதம், ஓர் இசையமைப்பாளரின் கருவிச் சேர்க்கை ஆகியன பற்றி முடிவு கூறும் ஆய்வாளர், தாம் கேட்ட வடிவம் எது என்பதைச் சொல்லாதபோது அம்முடிவு பதிப்பின் பிழையையே கலைஞரின் பண்பாகக் கொள்ளும் இடருக்கு உள்ளாகிறது.

இப்பாடவேறுபாடுகளை முதலில் கவனித்துப் பேசியோர் தட்டு சேகரிப்போரும், பதிவு நிலையத்தாரும், ஆழ்ந்து கேட்போருமே. ஆயினும் அவர்தம் கருத்துகளை ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். கருவியின் விலை, நிறுவனத்தின் பெயர், இளமைக்கால நினைவு ஆகியவை செவியின் தீர்ப்பைச் சாய்க்கும். சற்றே உரத்து ஒலிக்கும் பதிவு தரமானதாகத் தோன்றுவதும் இயல்பு. உரப்பைச் சமன்செய்து, எது எதுவெனக் கேட்பாளருக்கு அறிவிக்காமல் ஒப்பிடும் முறையே இதற்குத் தீர்வாகும்.

முடிவுரை

பழனி மலைத்தொடரைச் சூழ்ந்த நிலத்தில் ஒலித்தரம் என்பது முதலில் சொல்தெளிவாகவும், பின்னர் இரைச்சலின்மையாகவும், அதன்பின் படியெடுப்பின் தூய்மையாகவும், இறுதியில் நாத விரிவாகவும் இடவிரிவாகவும் பொருள் கொள்ளப்பட்டது. ஒவ்வொரு பொருளும் அவ்வக்கால ஊடகத்தின் குறையிலிருந்தே பிறந்தது. நுண்கேட்பு வசதியின் விளைவு மட்டுமன்று என்பதும், வசதிக்குறைவை எதிர்கொண்ட பழக்கத்தாலும் அது கூர்மை பெற்றது என்பதும் இதனால் பெறப்படும்.

நாடாக்களின் பசை ஈரக்காற்றில் சிதைகிறது. காந்தத் துகள் உதிர்கிறது. மூலநாடா அழிந்த பாடல்களுக்குத் தனியார் வீடுகளில் எஞ்சிய தட்டும் நேர்ப்பதிவுக் கேசட்டுமே ஏட்டுச்சுவடியின் நிலையைப் பெறுகின்றன. எனவே இசை ஆய்வேடுகளில் பாடலைச் சுட்டும்போது தட்டெண், தட்டின் உள்விளிம்பில் பொறிக்கப்பட்ட வார்ப்பெண், வெளியீட்டு வடிவம், ஒலிக்கச் செய்த வேகம் ஆகியவற்றைக் குறிப்பது நெறியாக வேண்டும். அவற்றைப் பேணிவரும் கேட்பாளரின் வாய்மொழி அறிவும் தட்டுகளோடு சேர்த்தே ஆவணப்படுத்தப்பட வேண்டும். தட்டு எஞ்சி, அதன் வரலாறு தெரிந்தவர் மறைந்துவிடின், எது நேர்ப்பதிவு எது மறுபதிவு என்று உரைப்பார் இன்றிப்போவர்.