'விடுதலை' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தைகள்?

நீதிமன்றச் செய்தி ஒன்றைத் தமிழில் படிக்கிறோம். 'அனைவரும் விடுதலை' என்று தலைப்பு. அதே செய்தியை ஆங்கில நாளேட்டில் பார்த்தால் அந்த இடத்தில் அக்விட்டட் என்று இருக்கலாம், டிஸ்சார்ஜ்டு என்று இருக்கலாம், வெறும் ரிலீஸ்டு என்றும் இருக்கலாம். பெயிலில் வந்தவரைக்கூட நாம் 'விடுதலையாகிவிட்டார்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவர் மீதிருந்த பழி நீங்கியதா இல்லையா என்பதை அந்த ஆங்கில வார்த்தையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

விசாரணையை முடித்து போலீஸ் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. வழக்கை நடத்தும் அளவுக்கு ஆதாரம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால்தான் குற்றச்சாட்டு பதிவாகும். ஆதாரம் போதாது என்றால் அந்தக் கட்டத்திலேயே விடுவித்துவிடும். இதுதான் டிஸ்சார்ஜ். 2006 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான முஸ்லிம்களை 2016 ஏப்ரலில் மும்பை சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது இந்த முறையில்தான்.

சாட்சிகளை விசாரித்து முழு வழக்கும் நடந்த பிறகு, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது அக்விட்டல். குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் 6 பேரை இப்படி விடுவித்தது. அவர்களில் 3 பேர் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனவர் மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. (ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனவர் மறுபடி அட்மிட் ஆவதில்லையா, அதுபோல.) அக்விட்டல் ஆனவரை, மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறினாலொழிய, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

ரிலீஸ் என்பது சிறையிலிருந்து வெளியே விடுவது மட்டுமே. பேரறிவாளன் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்டில் அவருக்குக் கிடைத்தது பரோல். 2022 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது பெயில். அதே ஆண்டு மே 18 அன்று அரசியல் சாசனத்தின் 142வது பிரிவின்கீழ் அவரை விடுவித்தது ரிலீஸ். இந்த மூன்றில் எதுவும் அக்விட்டல் இல்லை. பரோல், தண்டனை அனுபவிக்கும் கைதிக்குத் தரப்படும் தற்காலிக விடுப்பு. பெயில் பெரும்பாலும் வழக்கு முடியும் முன்பே தரப்படுவது. தண்டனைக்குப் பிறகும், மனு நிலுவையில் இருக்கும்போது கிடைப்பதுண்டு.

'குற்றவாளி' என்ற சொல்லை நாம் இன்னும் மோசமாகப் பயன்படுத்துகிறோம். போலீஸ் சந்தேகப்படும் நபர் சஸ்பெக்ட். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அக்யூஸ்ட். நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்த பிறகே கன்விக்ட். கைதான மறுநாளே வாட்ஸ்அப்பில் 'குற்றவாளி சிக்கினார்' என்று பரப்புகிறோமே, அப்போது அவர் கன்விக்ட் ஆகியிருக்க மாட்டார்.

அரெஸ்ட், டிடென்ஷன் இரண்டையும் 'கைது' என்றே எழுதுகிறார்கள். அரெஸ்ட் ஆனவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவல் சட்டத்தில் டிடென்ஷன் ஆனவருக்கு அந்த விதி பொருந்தாது.

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பும்போது இந்த வித்தியாசம் நேரடியாக நம் கைக்கு வந்துவிடும். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்பது ஒரு கேள்வி. கடந்த 5 ஆண்டுகளில் கன்விக்ட் ஆகி 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றீர்களா என்பது வேறு கேள்வி. பெயிலில் இருப்பவர் முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும், தண்டனை எதுவும் பெறாதவராக இருந்தால் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் எழுத வேண்டும். அமெரிக்க விசா படிவத்திலோ 'அரெஸ்ட் அல்லது கன்விக்ட்' என்று சேர்த்தே கேட்கிறார்கள். அக்விட்டல் ஆனவராக இருந்தாலும், ஒருமுறை அரெஸ்ட் ஆகியிருந்தால் அங்கே 'ஆம்' என்றுதான் குறிப்பிட வேண்டும். விளக்கம் எழுத இடம் இருக்கும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும்.