டஸ்கிகீ ஆய்வும் மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான நெறிமுறைகளும்

மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு இன்று பெரும்பாலான நாடுகளில் சில நெறிமுறைகள் உள்ளன. எதற்காக ஆய்வு நடக்கிறது, அதில் என்ன ஆபத்து என்பதை ஆய்வில் சேர்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அவர் மனமொப்பிச் சேர வேண்டும். பாதியில் விலக விரும்பினால் தடுக்கக் கூடாது. ஆய்வைத் தொடங்கும் முன்பே ஒரு நெறிமுறைக் குழு அதைப் பரிசீலித்து அனுமதி தர வேண்டும். இவற்றுள் நெறிமுறைக் குழு பற்றிய விதி அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு சட்டமாயிற்று. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்னும் சிறு நகரைச் சுற்றி 40 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வே அதற்கு உடனடிக் காரணம்.

ஆய்வு தொடங்கிய விதம்

டஸ்கிகீ நகரம் மேக்கன் கவுண்டி என்னும் மாவட்டத்தில் உள்ளது. 1930-களில் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பருத்தி நிலங்களை வாரத்துக்கு உழுதவர்கள். பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் குறைவு. மருத்துவரைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. சிபிலிஸ் என்னும் மேகநோய் அங்கு மிகுதியாகப் பரவியிருந்தது. ரோசன்வால்டு என்ற அறக்கட்டளையின் பணத்தில் அந்நோய்க்குச் சிகிச்சை தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்தப் பணம் நின்றுபோனது. சிகிச்சை தர வழியில்லை என்றானபோது, சிகிச்சை பெறாத உடலில் நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்கலாமே என்ற எண்ணம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறைக்கு வந்தது. 1932-இல் ஆய்வு தொடங்கியது. சில மாதங்களில் முடித்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம்.

சுமார் 600 ஆண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது. 201 பேர் நோயில்லாதவர்கள், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். (மருத்துவர்களே ஊசி போட்டு நோயைத் தொற்றவைத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. இவர்களுக்கு நோய் ஏற்கெனவே இருந்தது. அதை அவர்களிடம் சொல்லாததும் தீர்க்காமல் விட்டதும்தான் இங்கு நடந்த குற்றம்.)

அவர்களிடம் "ரத்தம் கெட்டிருக்கிறது" என்று மட்டுமே சொல்லப்பட்டது. அந்த ஊர் வழக்கில் இரத்தசோகை, அசதி முதல் மேகநோய் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். நம் ஊர்களிலும் இப்படி ஒரு பேச்சு உண்டு என்பதால், கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். மருந்து என்று கொடுத்தவை நோயைத் தீர்க்கப் போதுமானவை அல்ல. நோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியிருக்கிறதா என்று அறிய முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அது வலி மிகுந்த சோதனை, சிகிச்சை அல்ல. ஆனால் அதற்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம், சிறப்பு இலவசச் சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது.

பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தவை மருத்துவமனைக்குப் போய்வர வண்டி, சோதனை நாளில் ஒரு வேளைச் சூடான சாப்பாடு, இறந்தால் அடக்கச் செலவுக்கு ஒரு தொகை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: உடலைப் பிரேதப் பரிசோதனைக்குத் தர வேண்டும். சாவுச் செலவை நினைத்து அஞ்சும் ஏழைக் குடும்பத்துக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்பதை ஆய்வு நடத்தியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆய்வு 25 ஆண்டு நிறைந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழும், ஆண்டுக்கு ஒரு டாலர் கணக்கில் 25 டாலரும் வழங்கப்பட்டன.

பெனிசிலின் வந்த பிறகு

1943-இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று தெரியவந்தது. 1940-களின் இறுதியில் அதுவே வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஆய்வை அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, இவர்களுக்கு மருந்து போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். உள்ளூர் மருத்துவர்களிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து, இவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைக்கு ஆள் சேர்க்க இரத்தப் பரிசோதனை நடந்தது. நோய் தெரிந்தவர்கள் சிகிச்சை பெற வேண்டும் என்பது உத்தரவு. ஆய்வில் இருந்தவர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு வாங்கப்பட்டது.

விதிகள் முன்பே இருந்தன

அப்போது இதற்கெல்லாம் விதி இல்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இருந்தது. அதுவும் இதே நோயை ஒட்டியே பிறந்தது. 1890-களில் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சிபிலிஸ் நோயாளிகளிடமிருந்து எடுத்த சீரத்தைச் சில பெண்களுக்கு அவர்கள் அறியாமல் ஊசி மூலம் செலுத்தினார். அவர்களில் சிலருக்கு நோய் கண்டது. பெரும் கண்டனம் எழுந்து, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1900-ஆம் ஆண்டின் இறுதியில் பிரஷ்ய அரசு, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் இத்தகைய சோதனை கூடாது என்று மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. 1931-இல் ஜெர்மனி இன்னும் விரிவான விதிகளை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அதே ஜெர்மனியின் வதைமுகாம்களில் நடந்தவற்றை உலகம் அறியும்.

அந்தக் கொடுமைகளுக்காக நியூரம்பர்க் நகரில் 23 பேர் மீது வழக்கு நடந்தது. 1947 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் 16 பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர், எழுவருக்குத் தூக்கு. அத்தீர்ப்பில் இடம்பெற்ற பத்து விதிகளே நியூரம்பர்க் நெறிமுறை எனப்படுகின்றன. சோதனைக்கு உட்படுபவரின் தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது. விசாரித்தவர்கள் அமெரிக்க நீதிபதிகள். அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் டஸ்கிகீயில் ஆய்வு 25 ஆண்டுகள் நடந்தது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி அறிவிப்பை வெளியிட்டபோதும் அது நிற்கவில்லை.

ஆய்வு இரகசியமாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. அதன் முடிவுகள் 1936 முதல் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வந்துகொண்டிருந்தன. படித்த மருத்துவர்களில் எதிர்ப்பு எழுதியவராகத் தெரியவருபவர் இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர், 1965-இல் எழுதினார். அவருக்குப் பதில் வரவில்லை. தாளில் விதி இருந்தது. தொடங்கும் முன் கேள்வி கேட்கவும், தவறு என்றால் நிறுத்தவும் அதிகாரம் பெற்ற வெளியாள் ஒருவரும் இல்லை.

பீட்டர் பக்ஸ்டன்

சான் பிரான்சிஸ்கோவில் அதே பணித்துறையில் மேகநோயாளிகளைச் சந்தித்து விவரம் சேகரிக்கும் வேலையில் இருந்தவர் பீட்டர் பக்ஸ்டன். பிராகாவில் பிறந்தவர், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த குடும்பம். சக ஊழியர்களின் பேச்சில் டஸ்கிகீ பற்றிக் கேள்விப்பட்டு, ஆவணங்களை வரவழைத்துப் படித்தார். 1966-இலும் 1968-இலும் மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1969-இல் ஒரு குழு கூடி விவாதித்து, ஆய்வைத் தொடரலாம் என்று முடிவு செய்தது. அக்குழுவில் ஆய்வுக்கு உட்பட்டவர்களின் தரப்பில் பேச ஒருவரும் இல்லை. நடத்துகிறவர்களே கூடித் தங்களையே பரிசீலித்தால் முடிவு வேறு எப்படி இருக்கும்?

பக்ஸ்டன் பிறகு தம்மிடமிருந்த தாள்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். 1972 ஜூலை 25 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளியாயிற்று. நவம்பரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அப்போது நோயுடன் இருந்தவர்களில் 74 பேரே உயிருடன் இருந்தனர். 28 பேர் சிபிலிஸால் நேரடியாகவும், சுமார் 100 பேர் அதன் பின்விளைவுகளாலும் இறந்திருந்தனர். 40 மனைவியருக்கு நோய் தொற்றியிருந்தது. 19 குழந்தைகள் பிறவியிலேயே நோயுடன் பிறந்திருந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

1974-க்குப் பின்

1974 ஜூலையில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேறியது. நெறிமுறைக் குழுக்கள் அதன்படி கட்டாயமாயின. அச்சட்டம் அமைத்த ஆணையம் பெல்மாண்ட் என்னும் மாநாட்டு இல்லத்தில் கூடி விவாதித்து எழுதிய அறிக்கை 1979-இல் வெளியானது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று கொள்கைகளை அது வகுத்தது. மூன்றாவதுதான் டஸ்கிகீயின் நேரடிப் பாடம்: ஆராய்ச்சியின் சுமையை எளியவர்கள் தலையில் ஏற்றிவிட்டுப் பலனை மற்றவர்கள் அனுபவிப்பது முறையல்ல. உயிர் பிழைத்தவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு கோடி டாலர் இழப்பீடு வழங்க 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்க 1997 வரை ஆயிற்று; கேட்டவர் அதிபர் கிளின்டன். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் கடைசி மனிதர் 2004-இல் காலமானார்.

இந்தியாவில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் முதல் கொள்கை அறிக்கையையும், 2000-இல் விரிவான நெறிமுறைகளையும் வெளியிட்டது. ஆயினும் 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தபோது ஒப்புதல் பற்றிய கேள்வி எழுந்தது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தனர். சில சிறுமியர் இறந்ததையடுத்து 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஒப்புதல் பெற்ற முறையை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இது ஆய்வல்ல, செயல்விளக்கத் திட்டம் என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. விடுதிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காப்பாளர் பெற்றோர் இடத்தில் நின்று மருந்து வாங்கித் தரலாம். இப்படிப்பட்ட திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமை அதனால் வந்துவிடாது.

அதே 2013-இல், மருந்துச் சோதனைகளை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுக்கள் அரசிடம் பதிவு பெறுவது கட்டாயமாக்கப்பட்டது. எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களிடம் புதிய மருந்து மூலக்கூறைச் சோதிக்கும்போது, ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆய்வைப் பற்றி அவருக்கு விளக்கியதும், அவர் அதைப் புரிந்துகொண்டு இசைந்ததும் அப்பதிவில் இருக்க வேண்டும்.