லயமும் சோலைவரியும்

வீடு மக்கள் குடியிருப்பதற்கான இடம் மட்டுமன்று. அரசின் நோக்கில் அது மதிப்பிடத்தக்க பொருளுமாகும். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றில் எவ்வளவு கிடைக்கும் என்னும் மதிப்பீடே ஆண்டுப் பெறுமதி எனப்படும். உள்ளூராட்சி மன்றங்கள் அறவிடும் சோலைவரி இதனையே அடிப்படையாகக் கொண்டது. இலங்கையின் 1932ஆம் ஆண்டு வருமான வரிக் கட்டளைச் சட்டம், ஒருவர் பெறும் வாடகையை மாத்திரமன்றி, அவர் தாமே குடியிருக்கும் சொந்த வீட்டின் தேறிய ஆண்டுப் பெறுமதியையும் வருமானமாகவே கொண்டது.

இவ்வளவுகோல் குடியுரிமைக்கும் அளவுகோலாய் நின்றமை ஈண்டு நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், நகரங்களில் ஆண்டுக்குப் 10 பவுண் பெறுமதியுள்ள மனையில் இருந்த ஆடவர்க்கே வாக்குரிமை வழங்கிற்று. இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதும், இந்திய வம்சாவளியினர் நிரந்தர வதிவை நிறுவவோ, எழுத்தறிவோடு சொத்து அல்லது வருமானத் தகுதியைக் காட்டவோ வேண்டியிருந்தது.

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் அமைந்த இறம்பொடையை எடுத்துக்கொள்வோம். இங்கும் மலையகத்தின் ஏனைய இடங்களிலும் தொழிலாளர் வாழ்ந்த லயக் காம்பராக்கள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவே. அவை தோட்டத்தின் உடைமைகள், வாடகையின்றி வழங்கப்பட்டவை. ஆயினும் வேலை நீங்கின் குடியிருப்பும் நீங்கும் என்பதே நியதியாதலின், அவற்றின் வாடகை உழைப்பாகவே செலுத்தப்பட்டது எனலாம். குடியிருந்தோர் பெயரில் உறுதியும் இல்லை. வரிச் சிட்டையும் இல்லை. தலைமுறை பல வாழ்ந்தும், ஏட்டளவில் அவர்கள் வீடற்றோரே.

இதன் விளைவு யாது? 1937ஆம் ஆண்டின் கிராமச் சங்கத் திருத்தச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சங்கத் தேர்தல்களினின்று விலக்கிற்று. தோட்டம் கிராமத்திற்குப் புறம்பான தனி நிலமாகவே கருதப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின; லயத்தின் உடைமையாளர் மாறினாரேயன்றிக் குடியிருப்போர் உடைமையாளராகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவும், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. அத்தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கிற்று. வாக்களித்துத் தெரிவுசெய்த சபையிடம் ஒரு பாதையைக் கேட்டுப் பெறவும் அம்மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்.

2015 முதல் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2017இல் இந்தியா மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. எனினும் வீடு பெற்றும் உறுதி பெறாதோர் பலராவர். இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண வருவோர்க்கு அறையொன்றை வாடகைக்கு விட விரும்பும் தொழிலாளிக்கு முதற்றடை வரியன்று. 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டம் வதிவாளரான உரிமையாளரின் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைக் கழிக்க இடமளிக்கின்றது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்திற்கு வரியும் இல்லை. அவ்வீடு தம்முடையது என நிறுவ இயலாமையே அவருக்கு உண்மையான தடை.

வரியைச் சுமையெனக் கருதுதல் உலக இயல்பு. ஆனால் மலையக வரலாற்றில், சோலைவரிச் சிட்டையில் தம் பெயரைக் காண்பதும் ஓர் உரிமையாகும். காணியுறுதி வழங்கப்படாதவிடத்து, வீடமைப்பு நிறைவுற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது.