கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு? லண்டன் லாரிகள் சொல்லும் கதை

நம் தெருவின் எதிர்வரிசையில் இருக்கும் பழைய பிளாக்குகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம். ஆகவே நம் பகுதியில் இது கடைசி வேலையாக இருக்காது. கூட்டங்களில் தூசு, சத்தம், போர்வெல் என்று பலதும் பேசுகிறோம். ஆனால் தாத்தா பாட்டிகளும் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அத்தனை லாரியும் இந்தத் தெருவுக்குள்ளேதான் வரப்போகிறதா?"

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு கிரவுண்டு இடத்தில் கார் பார்க்கிங்குக்காக நாலு மீட்டர் ஆழம் தோண்டினால் சுமார் 3,500 கன மீட்டர் மண் வரும். தோண்டிய மண் உப்பும். கால் பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிப்பரில் 15 கன மீட்டர் ஏற்றினால் ஏறக்குறைய 300 லோடு. போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்றால் 600 முறை ஒரு டிப்பர் நம் வாசலைக் கடக்கும். இது மண்ணுக்கு மட்டும். இடித்த கட்டடத்தின் கழிவு, கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், ஆறு ஆறு கன மீட்டராக வரும் ரெடிமிக்ஸ் எல்லாம் தனி.

இதே கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டிய ஊர் லண்டன். அந்தக் கதை நமக்கு உதவும் என்பதால் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

1985-இல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கனரக லாரிகள் இரவிலும் வார இறுதியிலும் குறிப்பிட்ட சாலைகளை விட்டுக் குடியிருப்புத் தெருக்களுக்குள் இஷ்டம்போல் நுழையக் கூடாது. மறுவருடமே அந்தக் கவுன்சில் கலைக்கப்பட்டது; கட்டுப்பாடு மட்டும் இன்றுவரை இருக்கிறது. அதன் நோக்கம் மக்களின் தூக்கம். இரவில் தடுத்த லாரி பகலில் வரும் என்பது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. நம் ஊரில் இதைத் தலைகீழாகப் பார்க்கிறோம்: காலை, மாலை நெரிசல் நேரத்தில் கனரக வாகனத்துக்குத் தடை, அதனால் கான்கிரீட் போடுவது நடுராத்திரியில். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வீங்கும் பலூன் மாதிரிதான் இந்த நேரக் கட்டுப்பாடுகள்.

2000-க்குப் பிறகு லண்டனில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். கட்டுமானமும் கூடியது. 2011-இல் அந்நகரில் 16 சைக்கிள் ஓட்டிகள் விபத்தில் இறந்தார்கள். அதில் ஒன்பது பேர் கனரக லாரியில் அடிபட்டவர்கள். அந்த ஒன்பதில் ஏழு லாரிகள் கட்டுமான வேலைக்கு ஓடியவை. சாலையில் ஓடும் எல்லா வகை லாரிகளையும் சேர்த்துப் பார்த்தால் கட்டுமான லாரிகள் ஒரு பகுதிதான். பிறகு ஏன் அவை இவ்வளவு உயிரை எடுத்தன?

லண்டன் போக்குவரத்து நிர்வாகம் இதை ஆராயும்படி டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனத்திடம் கேட்டது. 2013-இல் அறிக்கை வந்தது. வண்டியின் அமைப்பு ஒரு காரணம். சேற்றிலும் மேடு பள்ளத்திலும் ஓட வேண்டும் என்பதற்காக டிப்பரை உயரமாகக் கட்டுகிறார்கள். டிரைவர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால், வண்டிக்கு முன்னால் ஒட்டி நடந்து போகிறவரும் இடது பக்கத்தில் நிற்கும் சைக்கிளும் அவர் கண்ணில் படவே மாட்டார்கள். மற்ற லாரிகளுக்குக் கட்டாயமான பக்கவாட்டுத் தடுப்புக் கம்பியிலிருந்து கட்டுமான வண்டிகள் பலவற்றுக்கு விலக்கும் இருந்தது. தளத்துக்குள் ஓட வசதியாகச் செய்த வண்டி, அதன் ஓட்டத்தில் பெரும்பகுதியைச் சாதாரணத் தார்ச் சாலையில்தான் ஓடியது.

இன்னொரு காரணத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். தளத்துக்குள் ஒருவர் இறந்தால் அது 1974-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். விசாரணை உண்டு, நிறுவனத்தின் பெயர் கெடும், அடுத்த டெண்டர் பாதிக்கப்படும். அதே லாரி கேட்டைத் தாண்டிப் பத்தடி போய் ஒருவரை ஏற்றிவிட்டால் அது வெறும் சாலை விபத்து. கட்டுமான விபத்துக் கணக்கில் சேராது. உள்ளே ஹெல்மெட், ஒளிரும் சட்டை, ரிவர்ஸ் எடுக்கும்போது கைகாட்ட ஆள் என்று அத்தனை கவனம். வெளியே டிரைவர் பாடு. தளப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைச் சாலைப் பாதுகாப்புக்கு இந்தத் தொழில் கொடுக்கவில்லை என்பது அந்த அறிக்கையின் சாரம்.

அந்த வருடம் நவம்பரில் இரண்டே வாரத்தில் ஆறு சைக்கிள் ஓட்டிகள் பஸ்ஸிலோ லாரியிலோ அடிபட்டு இறந்தார்கள். நகரமே கொதித்தது. டிசம்பரில் 'கிளாக்ஸ்' என்ற பொதுத் தரவிதி வெளியானது. அது பொறுப்பைக் கட்டச் சொல்பவரிடம் கொண்டுபோய் வைத்தது. எந்தப் பாதையில் வர வேண்டும், டிரைவருக்கு என்ன பயிற்சி, வண்டியில் என்னென்ன கண்ணாடி, கேமரா, தடுப்புக் கம்பி எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படும். இல்லாத வண்டியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பலாம். வழியில் விபத்து நடந்தால் அதையும் பில்டரிடம் தெரிவித்தாக வேண்டும். கிராஸ்ரெயில் சுரங்க ரயில் திட்டம் இதற்கு முன்பே டிரைவர் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. தோண்டிய மண்ணில் சுமார் 30 லட்சம் டன்னை அது கப்பலில் ஏற்றி வாலஸீ தீவில் பறவைகளுக்கான ஈரநிலம் அமைக்க அனுப்பியது. ஓடாத லாரி யார் மேலும் ஏறாது!

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 2015 செப்டம்பரில் தடுப்புக் கம்பியும் கூடுதல் கண்ணாடியும் லண்டனுக்குள் கட்டாயமாயின. 2021 மார்ச் முதல் 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரிக்கும், டிரைவர் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதற்கு நட்சத்திரம் போட்டு அனுமதி தருகிறார்கள். 2024 அக்டோபரில் குறைந்தபட்சம் மூன்று நட்சத்திரம், அல்லது அதற்கு ஈடான சென்சார், கேமரா என்று இறுக்கினார்கள்.

நம் நாட்டிலும் அதே கேட்டுதான் எல்லை. தளத்துக்குள் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். தெருவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 115-ஆவது பிரிவில், பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்த அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. அதற்குப் போலீஸிடம் மனு எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் எழுத வைப்பதோ, பில்டர் நம் சங்கத்தோடு பேசும்போதே கேட்க வேண்டியது.

நம் லாரிகளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: கிளீனர். பின்னால் நின்று வண்டியைத் தட்டி "வா, வா, வா... போதும்" என்று சொல்லும் அந்தப் பையன்தான் நம்முடைய கேமரா, சென்சார் எல்லாம். இப்போது பல டிப்பர்களில் டிரைவர் மட்டுமே வருகிறார்.

சங்கத்தின் சார்பில் பில்டரிடம் கொடுக்கும் கடிதத்துக்காக இவற்றைக் குறித்திருக்கிறோம். லாரிகள் மெயின் ரோடு பக்கத்துக் கேட்டில் மட்டும் நுழைந்து ஒரே திசையில் வெளியேற வேண்டும். தெருவுக்குள் ரிவர்ஸ் எடுத்தால் கொடியோடு ஓர் ஆள் கீழே நிற்க வேண்டும். பள்ளி வேன்கள் வரும் காலை 7.30 முதல் 9 வரையும், திரும்பும் மாலை நேரத்திலும் ஒரு வண்டியும் வரக் கூடாது. காத்திருக்கும் லாரி நம் வாசலில் நிற்கக் கூடாது. உரசல் என்றாலும் பதிவேட்டில் எழுதி மாதம் ஒருமுறை நமக்குக் காட்ட வேண்டும். இவை எல்லாம் லாரி சப்ளை செய்பவரோடு பில்டர் போடும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். விட்டுப்போனது ஏதாவது உங்களுக்குத் தோன்றினால், குறிப்பாக பி பிளாக் தரைத்தளத்தில் இருப்பவர்கள், அலுவலக நோட்டில் எழுதிவையுங்கள்.