பிராங்க்ளின் பம்பிள்தேனீ
பிராங்க்ளின் பம்பிள்தேனீ என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் தெற்கிலும் கலிபோர்னியாவின் வடக்கிலும் மட்டுமே காணப்பட்ட, உரோமம் அடர்ந்த தேனீ இனமாகும். இது மே முதல் செப்டம்பர் வரையே பறக்கும். எனவே கள ஆய்வும் அப்பருவத்திலேயே நடைபெறும். பிடித்த தேனீ அடையாளம் கண்டபின் விடுவிக்கப்படும்.

பூச்சியியலாளர் ராபின் தார்ப் 1998 முதல் ஆண்டுதோறும் பூக்களிடையே இதனைத் தேடினார். அவ்வாண்டு 94 தேனீக்கள் தென்பட்டன. 2003 இல் மூன்று மட்டுமே. 2006 ஆகஸ்டில் ஆஷ்லாந்து மலையில் அவர் கண்ட ஒற்றை வேலைக்காரத் தேனீயே உறுதியான இறுதிப் பதிவாகும். வணிகத்திற்கு வளர்க்கப்பட்ட பம்பிள்தேனீக்களிடமிருந்து நோய் பரவியிருக்கலாம் என்பது அவரது கருதுகோள், அது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஓரினம் இல்லை என நிறுவுவது, உண்டு என நிறுவுவதினும் கடினம். தார்ப் 2019 இல் காலமானார். 2021 இல் அமெரிக்க அரசு இவ்வினத்தை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது.